இரண்டு விரற்கடை நீளம்

ஒருவர் சுமையை அவருக்கே தெரியாமல் குறைப்பது உதவியா, ஏமாற்றா? வில் பட்டறையில் எல்லோரும் நாண்காரி என்று கூப்பிட்ட அந்தப் பெண் மூன்று வருடம் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

பட்டறை அவளுடைய அண்ணனுடையது. ஒரே மரத்துண்டிலிருந்து கையால் செதுக்கும், ஆள் உயரத்துக்கு மேலான கனத்த வில்தான் அங்கே தொழில். அவள் கணவர் செதுக்கினார். அவள் நாண் முறுக்கினாள், நேரம் கிடைத்தபோது அவரோடு உட்கார்ந்து இழைக்கவும் செய்தாள். அங்கே ஒரு கட்டுப்பாடு இருந்தது. வாங்க வந்தவர் முன்னால், வில்லைச் செய்தவரே அதற்கு நாண் பூட்ட வேண்டும். வில்லை மிதித்து வளைக்க உதவும் துணைக்கயிறு கூடாது. பூட்ட முடியாதவருக்கு அடுத்த மரம் கிடையாது; அதோடு வேலையும் போயிற்று. தங்கை புருஷன் என்று அண்ணன் தளர்த்துகிற ஆள் இல்லை.

கணவரின் வலது தோள் போய்க்கொண்டிருப்பதை அவள்தான் முதலில் கண்டாள். வீட்டில் மேல்தட்டில் இருந்த டம்ளர்கள் ஒவ்வொன்றாகக் கீழ்த்தட்டுக்கு இறங்கின. முதலில் அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அந்த மாதம் அவர் வில்லுக்கான நாணை இரண்டு விரற்கடை நீளமாக விட்டாள். நாண் நீண்டால் வில்லை அவ்வளவு வளைக்க வேண்டியதில்லை. அவர் பூட்டினார். பிறகு நாணைக் கழற்றி உறையில் போடும் சாக்கில் பின்னறைக்குக் கொண்டுபோய், எட்டுத் தடவை கூட முறுக்கி அளவுக்குக் கொண்டுவந்தாள். அடுத்த வில்லுக்கும் அப்படியே.

"தோள் தேறிடுச்சு போல," என்றார் கணவர் ஒருநாள் சாப்பிடும்போது. "முன்ன மாதிரி இழுக்கல."

"தினமும் தைலம் தேய்க்கிறேன்ல."

தேறியதாக நம்பிய மனிதர் சும்மா இருப்பாரா? பட்டறை அதுவரை கண்டிராத கனத்தில் ஒரு வில்லைச் செதுக்க ஆரம்பித்தார்.

"கொஞ்சம் மெலிசா இழைச்சா என்னங்க?"

"கிழவனாயிட்டேன்னு உங்க அண்ணன் சொல்றது பத்தாதா? நீயுமா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால், மூன்று வருடமாக அவர் பூட்டிய ஒவ்வொரு வில்லையும் அவரிடமிருந்து பிடுங்கியதாகிவிடும். இந்த நாணையும் இரண்டு விரற்கடை நீளமாக விட்டாள்.

அந்த வில்லை வாங்க வந்தவர் விவரம் தெரிந்தவர். கணவர் பூட்டி முடித்ததும், பிடிக்கும் நாணுக்கும் நடுவே இடைவெளி சரியா என்று பார்க்க, பிடியின் மேல் முஷ்டியை வைத்துக் கட்டைவிரலை நிமிர்த்தினார். விரல் நிமிர இடமில்லை, நாண் இடித்தது.

"நாண் நீளம். சரி பண்ணிப் பூட்டுங்க."

"என்ன மாப்பிள்ளை," அண்ணன் சிரித்தார், "பொண்டாட்டிகிட்ட சொல்லி நீட்டி வாங்கிட்டீங்களா?"

வேடிக்கைக்குத்தான் சொன்னார்.

"உங்க தங்கச்சிக்கு அளவு தப்பாது மச்சான். புது நாண், இழுபட்டிருக்கும்," என்றார் கணவர். நாணைக் கழற்றி அவளிடம் நீட்டினார். "இந்தா, இன்னும் கொஞ்சம் முறுக்கு."

"நாளைக்குப் பூட்டலாமே அண்ணே?"

"அவர் எவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்காரு! போடு."

ஆறு முறுக்கோடு நிறுத்திவிடலாமா என்று விரல் தயங்கியது. வந்தவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எட்டும் முறுக்கினாள்.

கணவர் வில்லுக்குள் காலை விட்டு, தொடையை முட்டுக் கொடுத்து வளைத்தார். நாண், வில்நுனியில் அதை மாட்டும் வெட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. தோள் விட்டது. துள்ளிய மேல்நுனி அவர் வலது கண்ணில் அடித்தது. "போன தடவ ஏறிச்சே, போன தடவ ஏறிச்சே," என்றபடியே தரையில் உட்கார்ந்தார்.

கண் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அவள் சொன்னாள்.

"மூணு வருஷமுமா?"

"ம்."

"எல்லா வில்லுமா?"

"எல்லாம்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகும் பேசவில்லை.

பத்தாம் நாள் அண்ணன் வந்து வாசலிலேயே நின்றார். "அந்த வில்லுல பாதி நீ இழைச்சதுதானேம்மா. நீ பூட்டு. அவர் மரம் உனக்கு வரட்டும்."

பட்டறையில் எல்லோரும் கூடி நின்றார்கள். "துணைக்கயிறு எடுங்கண்ணே," என்றாள். அண்ணன் தானே போய் எடுத்துக் கொடுத்தார். அவள் கயிற்றை மிதித்து, பிடியைத் தூக்கி, நாணை வெட்டில் ஏற்றினாள். முஷ்டியும் கட்டைவிரலும் கச்சிதமாகப் பொருந்தின. மரம் கிடைத்தது. அன்றிலிருந்து பட்டறையில் எல்லோரும் கயிறு வைத்தே பூட்டினார்கள்.

ரத்தம் பட்ட வில்லை வந்தவர் வேண்டாமென்றுவிட்டார். அவள் அதை நாணோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, கணவரின் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினாள். நாண் பூட்டியபடியே கிடந்தால் மரம் அப்படியே வளைந்து உயிரை விட்டுவிடும். பட்டறையில் கூட்டிப் பெருக்குகிறவருக்கும் தெரிந்த விஷயம்.

மூன்றாம் நாள் அவர் பேசினார்.

"நாணைக் கழட்டு. மரம் செத்துடும்."

அவள் துண்டை மடித்துக் கட்டில் விளிம்பில் வைத்தாள். மறுநாள் காலை புது மரத்தைச் செதுக்கப் போனாள். அதற்கப்புறமும் அவர் பலமுறை கேட்டார். கழற்றிவிட்டால் அவர் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார்; அவள் கழற்றவில்லை.