மிதியடி வாங்க... வாங்க!

போன ஞாயிற்றுக்கிழமை என் சம்பந்தியம்மா எங்கள் வீட்டு வாசலில், கொட்டுகிற மழையில் நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்குள் நான் – பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்திருந்தேன். இருவருக்கும் நடுவில் ஒரு கதவு. கதவுக்கு அடியில் ஒரு மிதியடி.

சிரிக்காதீர்கள். இது குடும்ப மானப் பிரச்னை.

என் மகள் கவிதாவைக் கூடலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். நல்ல மாப்பிள்ளை, நல்ல குடும்பம், கொஞ்சம் மிளகு, கொஞ்சம் தேயிலை. ஒரே ஒரு குறைதான். கல்யாணத்தன்று மண்டப வாசலில் நின்று சம்பந்தியம்மாவை நான் 'வாங்க' என்று கூப்பிடவில்லையாம்! அவர் உள்ளே நுழைந்த நேரத்தில் நான் மணமகள் அறையில் ஊக்கு தேடிக்கொண்டிருந்தேன். பெண்ணுக்கு முந்தானை நிற்க வேண்டுமா, வேண்டாமா? இதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

நம் ஊரில் சாம்பாரில் உப்பில்லை என்றால் மன்னித்துவிடுவார்கள். பந்தியில் பாயசம் தீர்ந்துபோனால்கூட முணுமுணுப்போடு விட்டுவிடுவார்கள். ஆனால் 'வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல' என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால்... அது பேரப்பிள்ளைகளின் கல்யாணம் வரைக்கும் வரும்.

அப்படிப்பட்டவர் ஊட்டிக்கு வருகிறார் என்றதும் கவிதா போன் செய்தாள்.

"அம்மா, கல்யாணத்துக்கப்பறம் அத்தை மொதத்தடவ நம்மூட்டுக்கு வர்றாங்க. இந்தத் தடவையாச்சும் வாசல்ல நின்னு வாங்கன்னு சொல்லிரும்மா. இங்க தெனமும் அந்தக் கதையக் கேட்டு எனக்குக் காதே புளிச்சுப் போச்சு."

பாவம், கூப்பிடாதது நான். காது புளித்தது அவளுக்கு. எப்படியாவது இதை ஒழுங்குபடுத்தியே ஆகவேண்டும் என்று முடிவுசெய்தேன்.

முதல் வேலையாக, எங்கள் வாசலைச் சம்பந்தியம்மாவின் கண்ணால் பார்த்தேன். பகீரென்றது. அங்கே கிடந்தது ஒரு பழைய துண்டு. இத்தனை வருஷமாக அது என் கண்ணுக்கு மிதியடியாகத்தான் தெரிந்தது. அன்றைக்குத்தான் துண்டாகத் தெரிந்தது.

சமவெளி வாசகர்களுக்கு ஒரு விவரம் சொல்லிவிடுகிறேன். எங்கள் பெர்ன்ஹில் பக்கம் மிதியடியை வாசலுக்கு வெளியே போட முடியாது. ஜூனில் நனைந்தால் செப்டம்பரில்தான் காயும், அதுவும் பூஞ்சணத்தோடு. ஆகவே எல்லோரும் கதவுக்கு உட்புறம்தான் போடுவோம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் அளக்காமல் நம்ப மாட்டார். புது மிதியடி என்று நான் வாயெடுத்ததுமே, டிவி வந்த பெட்டியைக் கிழித்து, வாசலின் அளவுக்கு ஓர் அட்டை வெட்டிவிட்டார். அதைத் தரையில் போட்டு, கதவைத் திறந்தார், மூடினார். உரசவே இல்லை.

"கரெக்ட் சைஸ்!" என்றார். அந்த அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னோடு கடைவீதிக்கும் வந்தார்.

"எத்தன அடி மிதியடிங்கம்மா?" என்று கேட்ட கடைக்கார பாய், அட்டையை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்க சார், ஜாக்கெட்டுக்கு அளவு ஜாக்கெட் கொண்டாருவாங்க. மிதியடிக்கு அளவு கொண்டாந்தது நீங்க மட்டுந்தானுங்க!"

அவர் எடுத்துப் போட்ட முதல் மிதியடி கைக்குட்டை மாதிரி இருந்தது. இன்னொன்றில் ஒரு காலை வைக்கலாம். மற்ற காலை எங்கே வைப்பது? பக்கத்து வீட்டிலா? அப்புறம் எடுத்தார் ஒன்று... அடர்த்தியான தேங்காய் நார், சிவப்பு பார்டர், வழுக்காமலிருக்க அடியில் ரப்பர். மேலே அட்டையை வைத்துப் பார்த்தால் ஒரு நூல்கூட இப்படி அப்படி இல்லை. நான் காலை வைத்தேன். கால் புதைந்தது.

சம்பந்தியம்மா கால் வைக்கவென்றே பிறந்த மிதியடி என்று தோன்றியது. வாங்கிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை வரை அதன் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. அதில் படும் முதல் பாதம் அவருடையதாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிப் போனார். சாரல் உள்ளே அடித்ததால் கதவைச் சாத்தினேன். சாத்திவிட்டு மிதியடியைப் பிரித்து, கதவை ஒட்டி அழகாகப் போட்டேன். ஆட்டோ சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் கதவை இழுத்தேன்.

கதவு ஒரு சாண் வந்தது. அப்புறம் 'கிர்ர்ர்' என்றது. மிதியடிமேல் ஏறிக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது.

இழுத்தேன். வரவில்லை. தள்ளினேன். போகவில்லை. மழைக்கு ஊறி உப்பிய கதவு வேறு. மிதியடியையாவது உருவலாம் என்று தரையில் உட்கார்ந்து பிடித்து இழுத்தால், வழுக்காத ரப்பர்... சொன்ன சொல் தவறாமல் வழுக்காமலே இருந்தது.

அந்த ஒரு சாண் சந்தில் சம்பந்தியம்மா பாதி தெரிந்தார். அரை மூக்குக்கண்ணாடி, அரைக் குடை.

"வாங்க!" என்றேன் தரையிலிருந்தே.

"வந்துட்டனுங்க. கதவத் தொறங்க."

"வாங்க வாங்க!"

"அதான் வந்துட்டனுங்களே!"

பதற்றத்தில் எனக்கு வேறு வார்த்தையே வாயில் வரவில்லை. மிதியடியை இழுக்கிற ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு 'வாங்க'. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்து வீட்டுக் கதவும் திறந்தது. எங்கள் கதவுதான் அசையவில்லை.

"நனையுதுங்க, இத மொதல்ல புடிங்க" என்று சந்து வழியாகப் பைகளை நீட்டினார். மிளகு உள்ளே வந்துவிட்டது. நேந்திரங்காய் சிப்ஸ் உள்ளே வந்துவிட்டது. சம்பந்தியம்மா மட்டும் வெளியே!

என் வீட்டுக்காரர் என்ன செய்துகொண்டிருந்தார் என்கிறீர்களா? வெளியே அவர் பக்கத்தில் நின்று வாதாடிக்கொண்டிருந்தார்.

"சைஸ் கரெக்டாச்சே! நான் அளந்தனே!"

"நீளமும் அகலமும் கரெக்டுங்க. ஒசரத்த அளந்தீங்களா?" என்று உள்ளேயிருந்து கத்தினேன்.

அட்டைக்கு ஏது உயரம்? கதவு அதன்மேல் உரசாமல் போனதில் என்ன அதிசயம்? ஆனால் மனிதர் லேசில் தோற்பவரில்லை. வெளியே செருப்பு ஸ்டாண்டில் சாய்த்து வைத்திருந்த அந்த அட்டை காற்றில் சரிந்து சம்பந்தியம்மாவின் காலடியில் விழுந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் ஆதாரம் கிடைத்த சந்தோஷத்தில் கத்தினார்.

"பாருங்க, அட்டை! உங்க கால்கிட்டயே கெடக்குது பாருங்க!"

மழைக்காலத்தில், தினமும் தோட்டத்துக்குள் போய்வரும் கூடலூர்க்காரரிடம் 'கால்கிட்ட அட்டை' என்றால் அவருக்கு டிவி பெட்டியா ஞாபகம் வரும்? ரத்தம் உறிஞ்சுகிற அட்டைதான் வரும். தமிழில் கேட்டாலும் அதே பேர், மலையாளத்தில் கேட்டாலும் கிட்டத்தட்ட அதே பேர். தப்பிக்க வழியில்லை.

"அய்யோ! அட்டையா? எங்க? எங்க?"

குடையைப் போட்டார். புடவையைத் தூக்கினார். ஒரே தாவு... மொத்த உடம்பும் கதவில் மோதியது. என் இழுப்புக்கெல்லாம் அசையாத கதவு படாரென்று திறந்தது. கதவோடு மிதியடி, மிதியடியோடு நான், என் மேல் சம்பந்தியம்மா.

"உப்பு! உப்பு கொண்டாங்க!" என்று அலறினார், காலை உதறியபடி. உப்பைப் போட்டால்தானே அட்டை பிடியை விடும்!

கையில் அட்டையோடு உள்ளே வந்தார் என் வீட்டுக்காரர். "உப்பு எதுக்குங்க? இதானுங்க அட்டை."

சம்பந்தியம்மா அட்டையைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்தவரைப் பார்த்தார். எங்களுக்கு அடியில் கிடந்த மிதியடியைப் பார்த்தார். போச்சு... கவிதா இனிமேல் தினமும் இரண்டு கதை கேட்க வேண்டியதுதான்.

"இது என்னங்க?" என்றார் மெதுவாக. "சவிட்டியா, மெத்தையா?"

கூடலூரில் மலையாளம் கலந்து மிதியடியைச் 'சவிட்டி' என்றும் சொல்வார்கள். கேட்டுவிட்டு அவர் சிரிக்க ஆரம்பித்தார். கோணிப்போன கண்ணாடியோடு, குலுங்கிக் குலுங்கி. எனக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் எழுந்திருக்கவே வெகுநேரம் ஆயிற்று.

டீ குடித்துக்கொண்டே மருமகளுக்கு போன் போட்டார், ஸ்பீக்கரில்.

"கண்ணு, உங்கம்மா வாங்கன்னு கூப்புட்டாங்க. ஒரு தடவையா, ரெண்டு தடவையா? பெர்ன்ஹில் பூராக் கேட்டிருக்கும்! ஊர்ல எல்லாரும் கதவத் தொறந்துட்டாங்க. நம்மூட்டுக் கதவுதான் தொறக்கல."

'நம்மூட்டுக் கதவு' என்றார். கவனித்தீர்களா? நான் கவனித்தேன். சந்தோஷத்தில் அவர் தட்டில் இன்னொரு பிடி சிப்ஸ் வைத்தேன்.

ஆகவே வாசகர்களே, மிதியடி வாங்கப் போகிறவர்கள் நீளம், அகலத்தோடு கதவுக்கு அடியில் எவ்வளவு சந்து இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வாசலுக்குப் பழைய துண்டு திரும்பிவிட்டது. அந்த நார் மிதியடியில் இப்போது எங்கள் ஹவுஸ் ஓனரின் நாய் சுருண்டு படுக்கிறது. அதற்கு நீளம், அகலம், உயரம் எல்லாமே கச்சிதம்.

நான் மட்டும் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டேன் – இப்போதெல்லாம் கதவைத் திறந்த பிறகுதான் 'வாங்க' என்கிறேன்!