டீச்சர் பார்த்துக்குவாங்க

வெள்ளிக்கிழமை காலையில் ஞாயிறு பள்ளிக்குப் போனோம் என்று ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். ஜொகூருக்கு வந்த பிறகு பல வருடங்கள் நாங்கள் அப்படித்தான் போனோம். அப்போது இந்த மாநிலத்தில் வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு வேலைநாள். ஞாயிறு காலையில் மகளுக்குச் சீருடை மாட்டிப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு நான் தொழிற்சாலை பஸ்ஸுக்காகச் சாலையோரம் நிற்பேன். கோயிலுக்குப் போக வேண்டிய நாளில் கையில் பாதுகாப்புத் தொப்பியோடு நிற்கிறோமே என்று கூச்சமாக இருக்கும். எங்கள் சிறிய தமிழ்ச் சபை ஆராதனையை வெள்ளிக்கிழமைக்கு மாற்றி வைத்திருந்தது. பிள்ளைகள் வகுப்பின் பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

ஒருமுறை அஸ்மான் என்ற மலாய் நண்பரிடம் வெள்ளிக்கிழமை ஷிப்டை மாற்றித் தரக் கேட்டேன். வெள்ளிக்கிழமை தொழப் போக வேண்டும் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் சொன்னேன். அவர் முகம் மலர்ந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நான் அவருடைய மதத்தில் சேர்ந்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார். விளக்கி முடிப்பதற்குள் இருவருக்கும் வியர்த்துவிட்டது. ஆனாலும் மாற்றித் தந்தார். “பரவாயில்லை லா, எனக்குத் தொழ ஆலைக்குள்ளேயே இடம் இருக்கு” என்றார்.

இப்போது விடுமுறை மறுபடியும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. எனக்கு அதனால் பெரிய வித்தியாசம் இல்லை. பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயன ஆலையில் பராமரிப்புப் பிரிவு மேற்பார்வையாளர் நான். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். நான்கு நாள் பகல், நான்கு நாள் இரவு, நடுவில் கிடைக்கும் ஓய்வில் பாதி தூக்கத்தில் போய்விடும். மனைவி பெர்சி, மகள் ஷெரின், நான், மூன்று பேர்தான் வீட்டில். ஷெரினுக்கு நான்கு வயதாக இருக்கும்போது வந்தோம். இப்போது பதின்மூன்று முடிந்துவிட்டது. மலாயில் கனவு காண்கிறாள் என்று பெர்சி சொல்வாள். தூக்கத்தில் அவள் பேசுவதை வைத்துச் சொல்கிறாள்.

எங்கள் சபை ஒரு கடைவரிசையின் மாடியில் இருக்கிறது. கீழே கார் பழுதுபார்க்கும் கடை. முதன்முதலில் போன அன்று ஆராதனை முடிந்ததும் ஒரு பெண் வந்து, “வாங்க பிரதர், பசியாறலாம்” என்றார். எனக்குச் சுருக்கென்றது. பசியோடு வந்தவர்கள் போலவா தெரிகிறோம்? “இல்லை, நாங்கள் சாப்பிட்டுத்தான் வந்தோம்” என்று விறைப்பாகச் சொன்னேன். இந்த நாட்டுத் தமிழில் காலைச் சாப்பாட்டுக்கும் சிற்றுண்டிக்கும் பசியாறுதல் என்றுதான் பெயர் என்பது அப்புறம் தெரிந்தது. அந்தப் பெண்தான் சாந்தி டீச்சர். காஹாங் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் குடும்பத்தில் தனியொருத்தியாகக் கிறிஸ்தவரானவர். இங்கே ஒரு தொழிற்சாலையின் பொட்டலம் கட்டும் பிரிவில் நின்றபடி வேலை. மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் வண்ணப் பென்சில் டப்பாக்களை வைத்துக்கொண்டு வாராவாரம் வருவார். பதினான்கு பிள்ளைகள், ஒரே டீச்சர், பதினோரு வருடமாக.

நான் வளர்ந்தது திருநெல்வேலிக்குத் தெற்கே செம்மண் தேரிக்காட்டு ஓரத்தில். அங்கே யாரும் யாருக்கும் விசுவாசத்தைக் கற்றுக் கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டுக்கு வீடு ஜெபச் சத்தம் கேட்கும். எங்கள் வீட்டில் பாட்டு முடியும்போது எதிர்வீட்டில் ஆரம்பிக்கும். ஒரு வாரம் கோயிலுக்குப் போகாவிட்டால் கடைக்காரரே காரணம் கேட்பார். அதில் மூச்சு முட்டிய நாட்களும் உண்டு. முதல் நற்கருணைக்கு முன் நடக்கும் திடப்படுத்தலுக்காக ஞானோபதேசக் கேள்வி பதில் முழுவதையும் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தேன். மனமெல்லாம் மறுநாள் கிரிக்கெட்டில் இருந்தது. என்றாலும் யாரோ நம்மைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற நினைப்பு அங்கே எப்போதும் இருந்தது. அந்த நினைப்பைத்தான் பெட்டியோடு சேர்த்து இங்கே கொண்டுவந்தேன். இங்கே அப்படிப் பார்த்துக்கொள்ளத் தெரு இல்லை. பக்கத்து வீட்டில் சீனக் குடும்பம், எதிரில் மலாய்க் குடும்பம். எல்லோரும் நல்லவர்கள். என் மகள் ஜெபித்தாளா என்று கேட்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

போன வருடம் ஷெரினைத் திடப்படுத்தல் வகுப்பில் சேர்த்தோம். ஊரில் என் அக்கா உடனே அந்த ஆராதனையன்று உடுத்த வெள்ளைத் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்துவிட்டாள். வகுப்பின் கடைசியில் பாஸ்டர் ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாகப் பேசினார். நற்கருணை எடுக்க ஏன் விரும்புகிறாய் என்று கேட்டிருக்கிறார். மற்றவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். ஷெரின், “அப்பா சேரச் சொன்னாரு” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். பாஸ்டர் அதைக் கோபமில்லாமல்தான் என்னிடம் சொன்னார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

அன்று நான் இரவு ஷிப்ட் முடித்து நேரே ஆராதனைக்கு வந்திருந்தேன். அந்த அசதியும் சேர்ந்துகொண்டது. பென்சில்களை அடுக்கிக்கொண்டிருந்த சாந்தி டீச்சரிடம் போனேன்.

“டீச்சர், இத்தனை வருஷம் உங்ககிட்டதான் படிச்சா. ஒரு கேள்விக்கு ஒழுங்கா பதில் சொல்லத் தெரியலையே. தமிழ்ல கர்த்தருடைய ஜெபம்கூட பாதிதான் வருது. நீங்க கொஞ்சம் கண்டிப்பா இருந்திருக்கணும்.”

அவர் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். பிறகு நிமிர்ந்தார்.

“பிரதர், ஒரு வாரத்துல எனக்கு அவ ஒரு மணி நேரம் கிடைக்கிறா. நீங்க ஸ்கூல் லீவுல ஊருக்குப் போனா அதுவும் இல்ல. மீதி நேரம் அவ யாருகூட இருக்கா?”

நான் கீழே உருண்டு கிடந்த ஒரு பென்சிலை எடுத்து மேசையில் வைத்தேன்.

“அவ பொய் சொல்லலையே. அதையாச்சும் நான் சொல்லிக் குடுத்திருக்கேன்னு நெனைக்கிறேன்” என்றவர், குரலை உயர்த்தாமலே சொன்னார்: “நானும் பாஸ்டர்கிட்ட இன்னிக்கு சொல்லலாம்னுதான் இருந்தேன். எனக்கு இடுப்பு வலி ரொம்ப ஆயிருச்சு. ஒக்கார்ந்தா எந்திரிக்க முடியல. கொஞ்ச நாள் வரமாட்டேன். பதினோரு வருஷத்துல எப்படி இருக்கீங்கன்னு ஒரு அப்பா அம்மா என்னைக் கேட்டதில்ல. பிள்ளைங்க மட்டும் கேப்பாங்க.”

மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். பென்சில் டப்பாக்களை மேசையிலேயே விட்டுப் போயிருந்தார். ஓடிப்போய் எடுத்துக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். அவர் அவற்றை மறக்கவில்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

அதன்பின் ஐந்து வாரம் வகுப்பு நடக்கவில்லை. பிள்ளைகள் பின்வரிசையில் உட்கார்ந்து போன் பார்த்தார்கள். ஆறாவது வாரம் பாஸ்டர் பெற்றோர்களை நிறுத்தி வைத்துப் பேசினார். அவர் இங்கேயும் பத்து பாகாட், காஹாங் ஊர்களிலும் சேர்த்து மூன்று சபைகளைப் பார்க்கிறார். ஆராதனை முடிந்த கையோடு அடுத்த ஊருக்குக் காரை எடுக்க வேண்டும். யார் வகுப்பு எடுப்பீர்கள் என்றார். ஒருவருக்கு ஷிப்ட். ஒருவருக்குத் தினமும் பாலம் கடந்து சிங்கப்பூர் வேலை, வாரத்தில் ஒரு நாள்தான் உடம்புக்கு ஓய்வு. இன்னொருவருக்குத் தமிழ் வாசிக்க வராது. எதுவும் பொய்யான காரணம் இல்லை. எல்லோர் கண்ணுக்குக் கீழேயும் கருப்பு விழுந்திருந்தது. பாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவர் மெதுவாக, “பாஸ்டரம்மா பார்த்துக்கட்டுமே” என்றார். பாஸ்டரம்மாவுக்கு ஆறு மாதக் கைக்குழந்தை.

அப்போதுதான் பெர்சி எழுந்தாள். கூட்டத்தில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

“எங்க வீட்டுல நடந்ததைச் சொல்றேன். நான் பார்த்துக்கிறேன்னு இவுங்க நெனச்சாங்க. டீச்சர் பார்த்துக்குவாங்கன்னு நான் நெனச்சேன். டீச்சர் பாவம், வீட்டுல நாங்க பார்த்துக்கிறோம்னு நெனச்சிருப்பாங்க. கடைசில அவளை யாருமே பார்க்கல.”

கீழே கார்க்கடையில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் வாரம் யார் என்று கேட்டார். பெர்சி என்னைக் கேட்காமலே எங்கள் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

அந்த வகுப்பைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. கர்த்தருடைய ஜெபத்திலிருந்து தொடங்கினேன். முதல் வரிக்குள்ளேயே ஒரு பெண் குழந்தை கை தூக்கினாள். “அங்கிள், பரமண்டலம்னா என்ன?” நாற்பது வருடமாக நான் தினமும் சொல்லும் சொல். வானம் என்றேன். அப்படியென்றால் வானம் என்றே சொல்லலாமே என்றாள் இன்னொருத்தி. அது வெறும் வானம் இல்லை என்றேன். அப்புறம் என்ன என்றார்கள். பெர்சி எனக்கு உதவாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷெரின் கடைசி நாற்காலியிலிருந்து என்னையே பார்த்தாள்.

“எனக்குத் தெரியல. படிச்சுட்டு வந்து சொல்றேன்” என்றேன்.

திரும்பி வரும்போது காரில் ஷெரின் ஆங்கிலமும் தமிழும் கலந்து பேசினாள். அவளாக ஆரம்பித்துப் பேசி வெகுநாள் ஆகியிருந்தது.

“தெரியலன்னு சொன்னீங்கள்ல, அது நல்லா இருந்துச்சு, அப்பா.”

“ஏன்?”

“உங்களுக்கு எல்லாம் தெரியும், எனக்குதான் ஒண்ணும் புரியலன்னு நெனச்சேன். அதனாலதான் நான் கேக்கவே இல்ல.”

கொஞ்ச தூரம் போனதும், திடப்படுத்தல் இந்த வருடம் வேண்டாமா என்று கேட்டேன். “எனக்கு வேணும்னு தோணும்போது சொல்றேனே” என்றாள். சரி என்று சொல்ல எனக்கு இரண்டு சிக்னல் தாண்ட வேண்டியிருந்தது.

அக்காவிடம் போனில் சொன்னேன். “ஏல, துணி தச்சு வந்துட்டு. ஊர்ல என்ன சொல்லுவாவ?” என்றாள். எனக்கும் அதே கேள்விதான் முதலில் தோன்றியது என்று ஒப்புக்கொண்டேன். அவள், “பிள்ளை வளந்துட்டா அளவு பத்தாது, பாத்துக்க” என்று வைத்துவிட்டாள்.

வீட்டில் ஜெபத்துக்கு ஒரு நேரம் பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. ஏழு மணி என்பது எனக்குப் பாதி நாள் ஆலைவாசல். கடைசியில், நான் இரவு ஷிப்டுக்குக் கிளம்புகிற நாட்களில் மாலை ஐந்தே முக்கால், மற்ற நாட்களில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் என்று வைத்துக்கொண்டோம். பத்து நிமிடம். சில நாள் எனக்குக் கொட்டாவி வரும். சில நாள் ஷெரின் ஒன்றும் சொல்லமாட்டாள். முன்பானால் அதட்டியிருப்பேன். இப்போது அவள் சும்மா இருப்பதையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். சபையில் வகுப்புக்கு முறை எடுத்த ஆறு குடும்பங்களில் இரண்டு விலகிவிட்டன. மீதிப் பேர் சுமந்துகொண்டு போகிறோம்.

ஒரு மாலை ஜெபத்தில் ஷெரின் திடீரென்று, “சாந்தி டீச்சர் இடுப்பு சரியாகணும்” என்றாள். ஆமென் சொன்னதும், “நாம ஏன் அவங்களைப் போய்ப் பார்க்கல?” என்று கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமை மதியம் போனோம். மழைக்காலம், விடாமல் பெய்துகொண்டிருந்தது. டீச்சர் அடுக்குமாடியில் மூன்றாவது தளத்தில் தனியாக இருக்கிறார். பெர்சி பென்சில் டப்பாக்களைப் பையில் எடுத்து வந்திருந்தாள், ஆனால் வெளியே எடுக்கவில்லை. படியேறும்போது என் போனில் அக்காவின் குரல் பதிவு. ஊரில் மழையே இல்லை, கிணற்றுத் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது, கோயிலில் மழைக்காக உபவாச ஜெபம் வைத்திருக்கிறார்கள், நீங்களும் அங்கிருந்து ஜெபியுங்கள் என்று.

டீச்சர் மெலிந்திருந்தார். காஹாங்கில் அண்ணன் வீட்டு வாசல்வரை வெள்ளம் வந்துவிட்டது என்று போனைக் கையிலேயே வைத்திருந்தார். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன்.

“டீச்சர், அன்னைக்கு நான் பேசினது தப்பு. எப்படி இருக்கீங்க?”

“இப்போ கேட்டீங்கள்ல, போதும் பிரதர்” என்று சிரிக்கப் பார்த்தவர், முடியாமல் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெர்சி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பிறகு பசியாற ஏதாவது தருகிறேன் என்று எழுந்திருக்கப் போனவரை ஷெரின் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். அந்தக் கையை எடுக்காமலே, “டீச்சர், நான் ஜெபம் பண்ணவா?” என்றாள்.

தமிழில் ஆரம்பித்தாள், வலிக்கு ஆங்கிலத்துக்குப் போனாள், வெள்ளத்துக்கு மலாய்ச் சொல் வந்தது. நான் திருத்தவில்லை. கடைசியில், “ஆண்டவரே, எங்க ஊர்ல மழையை நிறுத்துங்க” என்றாள்.

எங்க ஊர். அந்தச் சொல்லுக்கு எனக்குள் வேறு படம்தான் எழுந்தது. வெடித்த குளம், சிவந்த மணல், கிணற்றடியில் எட்டிப் பார்க்கும் அக்கா. எங்க ஊர்ல மழை பெய்யட்டும் என்று சின்ன வயதிலிருந்து எத்தனையோ சாயங்காலம் முழங்காலில் நின்றிருக்கிறேன். அந்த நிமிடமும் என் உதடு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தேன். ஷெரின் டீச்சரின் தோளில் கை வைத்தபடி எங்களுக்காகக் காத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மழை. அவள் கேட்டதற்கும் நான் கேட்டதற்கும் சேர்த்து ஒரே ஆமென் சொன்னேன்.