வயலின் இல்லாத டிவிடி

மலர்க்கொடி என்னோடு படித்தவள். கடலூர் செம்மண்டலத்தில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் எடிட்டிங் வேலை. 2008இல், லீவு நாட்களிலெல்லாம் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய், சொந்தமாக ஓர் ஆவணப்படம் எடுத்தாள். துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் தன் மாமியார் லோகநாயகியைப் பற்றிய படம். சிதம்பரத்தில் ஒரு வாசகர் வட்டம் அதைத் திரையிடக் கூப்பிட்டிருந்தது. சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நானும் உடன் கிளம்பினேன்.

போகுமுன் ஸ்டுடியோவில் டிவிடியைப் போட்டுப் பார்த்தோம். முதலாளி உத்திராபதி முந்தின நாள் ஆசையாகத் தயார் செய்து வைத்திருந்தது. லோகநாயகியின் முகம் பவுடர் அப்பியதுபோல் வெளுத்திருந்தது. கூடையிலிருந்த மீனும் சேர்ந்து வெளுத்திருந்தது. ஏலத்தில் அவர் வாயைத் திறந்ததும் வயலின் அழுதது.

"மாமா, எங்க அத்த குரல் எங்க?" என்று பக்கத்தில் நின்ற உத்திராபதியிடம் கேட்டாள் மலர்க்கொடி.

"காத்து இரைச்சல் ஜாஸ்தி கொடி. அதான் கொறைச்சிட்டு மியூசிக் போட்டேன். மூஞ்சியும் பளிச்னு ஆக்கிட்டேன். கல்யாண வீடியோவுக்கெல்லாம் செய்யறதுதான?"

"எங்க அத்தைக்கு இன்னா இப்ப கல்யாணமா?"

"உங்க அத்த குரல வீட்லதான் கொறைக்க முடியாது. இங்கயாவது கொறையட்டுமே!"

"அந்தக் குரல்லதான் மாமா எங்க வீட்டு அடுப்பு எரியுது."

தான் முதலில் எடுத்துவைத்த டிவிடியைப் பைக்குள் போட்டாள். அதில் படம் புள்ளிபுள்ளியாக இருக்கும். காற்று மைக்கில் அறையும். நான் பையைப் பிடித்து நிறுத்தினேன். படித்தவர்கள் வரும் இடம், சிரித்துவிட்டால்?

"மாமா போட்டதையே காட்டிடலாமே கொடி?"

"நீ பயந்துக்கினே இரு. நான் பஸ்ஸுக்குப் போறேன்."

லோகநாயகியும் எங்களோடு வந்து, அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். படம் ஓடத் தொடங்கியதும் காற்று இரைந்தது. முன்வரிசையில் ஒருவர் காதைப் பொத்தினார். அமைப்பாளர் சுப்பிரமணியன் எழுந்துபோய் ஆம்ப்ளிஃபையரில் கை வைத்தார். மலர்க்கொடி குறுக்கே போய் நின்றாள்.

"கைய எடுங்க சார்."

"சவுண்டு சரியில்லம்மா. காது கிழியுது."

"கடல்கரையில காத்து அடிக்காம இன்னா செய்யும்? அவுங்க பேசறது கேக்கலன்னா சொல்லுங்க, ஏத்தறேன்."

அதற்குள் திரையில், அந்தக் காற்றையும் கிழித்துக்கொண்டு லோகநாயகி ஏலக்காரனை அதட்டினார்: "ஐச தள்ளுடா! மேல இருக்கறத எனக்குக் காட்டாத, அடியில இருக்கற மீனக் காட்டு!"

அரங்கு சிரித்தது. காதைப் பொத்தியவரும் கையை எடுத்துவிட்டார். சுப்பிரமணியன் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டார். மலர்க்கொடி மட்டும் நகரவில்லை.

கடைசி வரிசையிலிருந்து அதே குரல் வந்தது.

"இன்னும் கொஞ்சம் ஏத்துடி, கொடி!"

ஏற்றினாள்.