நிறுத்தம் என் பொறுப்பு

நாங்கள் நான்கு பேர். எங்கள் இசைக்குழுவுக்குக் கடைசிவரை ஒரு பெயர் நிலைக்கவில்லை. பெரிய டிரம்மின் முகத்தில் எழுதுவதற்குப் பெயிண்ட் வாங்கி வைத்ததோடு சரி. மலாக்காவின் காஜா பேராங் பகுதியில் எங்களை ‘அந்த ஓட்டக்காரப் பையன்கள்’ என்றுதான் சொல்வார்கள். மலாய் நடனத்துக்கான ஜோகெட் பாட்டைக்கூட ஓட ஓட வாசிப்போம். ஆட வருகிற பெண்கள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஊரில் எல்லாருக்கும் ஏதோ ஓர் அவசரம் இருந்தது, எங்களுக்கும்தான்.

கிதார் வாசித்தவர் மலாக்காச் செட்டி, பல தலைமுறைக்கு முன் வந்து மலாய்க்காரர்களோடு கலந்துவிட்ட தமிழ் வம்சம். எங்களைவிட மூத்தவர் என்பதால் அபாங் என்று கூப்பிடுவோம். சாமி பெயர்களும் பலகாரப் பெயர்களும்தான் அவருக்குத் தமிழில் தெரியும், மற்றதெல்லாம் மலாய். அவருடைய தம்பி, தேயிலைப் பெட்டியில் கம்பு நட்டு ஒற்றைக் கயிறு கட்டி, அதைப் பாஸ் வாத்தியம் என்று சொல்லி இழுப்பான். பாடகன் டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. நான் டிரம். தமிழ்ப் பள்ளியை ஆறாம் வகுப்போடு விட்டுவிட்டு ஒரு சைக்கிள் கடையில் வேலைக்கு இருந்தேன்.

எங்கள் யாரிடமும் கிராமபோன் இல்லை. புது இங்கிலீஷ் பாட்டெல்லாம் கோப்பிக்கடை ரேடியோவிலிருந்து வர வேண்டும். ஒரு தடவை வந்த பாட்டு திரும்ப எப்போது வருமென்று சொல்ல முடியாது. அதனால் பங்கு பிரித்துக்கொள்வோம். முதல் வரிகளைப் பாடகன் எழுதுவான், அடுத்த வரிகளைத் தம்பி. கிதாரின் சுரக்கட்டுகள், அதாவது கார்டுகள், அபாங்குக்கு. எனக்கு இங்கிலீஷ் எழுத வராது. ஆகவே எனக்கு எழுதாத வேலை: எத்தனை அடிக்குப் பிறகு எல்லாரும் ஒன்றாக நிற்க வேண்டும், எங்கே மறுபடி எடுக்க வேண்டும். தொடையில் தட்டித் தட்டி மனதில் வாங்கிக்கொள்வேன். பாட்டு முடிந்ததும் நான்கு துண்டையும் மேசையில் ஒட்டுவோம். முழுப் பாட்டு ஒருத்தனிடமும் இருக்காது. அதுதான் எனக்கு நிம்மதி. நிறுத்தங்கள் என்னிடம் இருக்கும்வரை என்னைக் கழற்றிவிட முடியாது என்று நினைத்தேன். ஊரில் அந்த டிரம் நாற்காலியைத் தவிர வேறு எங்கேயும் எனக்கென்று ஓர் இடம் இருந்ததில்லை.

பிறகு சின்னச் சின்னதாக ஏதோ தட்டுப்பட்டது. நான் போனால் பேச்சு நிற்கும். தம்பி என்னைப் பார்த்ததும் பெட்டியைத் துடைக்க ஆரம்பிப்பான். ஒரு நாள் எல்லாரும் இருக்கும்போதே பாடகனிடம் கேட்டுவிட்டேன்.

“என்ன மச்சான், நேத்து நானில்லாம பயிற்சி நடந்துச்சா?”

“இல்லியே. யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. சும்மா கேட்டேன்.”

“நீ சும்மா கேக்குற ஆளாடா? உன் வீட்டுக் கோழி முட்ட போடலைன்னாக்கூட பக்கத்து வீட்டுக்காரன சந்தேகப்படுவ.”

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு கொஞ்சம் நீளமாக இருந்ததாக எனக்குப் பட்டது.

அடுத்த வாரம் பாடகனின் பாட்டு நோட்டு மேசையில் கிடந்தது. அவன் கை கழுவப் போன நேரத்தில் பிரித்தேன். வரிகளுக்கு மேல் சிவப்புப் பென்சில் குறிகள். நிற்கும் இடத்தில் இரண்டு கோடு, மறுபடி எடுக்கும் இடத்தில் ஒரு வட்டம். வரிகளைப் படிக்கத் தெரியாத எனக்கு அந்தக் குறிகள் நன்றாகப் புரிந்தன. என் நிறுத்தங்கள் அத்தனையும் ஒன்றுகூடத் தப்பாமல் அதில் இருந்தன. எனக்கு அவை எழுத்தில் வேண்டியதில்லை. புதிதாக டிரம்மில் உட்காரப்போகிற ஒருத்தனுக்குத்தானே வேண்டும்?

அன்று அபாங்கைத் தனியாகப் பிடித்து, “குழுவில் எல்லாம் சரியாக இருக்கிறதா?” என்று மலாயில் கேட்டேன்.

“சபார்லா,” என்றார். பொறு என்று. எதற்குப் பொறுக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

அந்த நாட்களில்தான் கடலோரத்து உஜோங் பாசிரிலிருந்த இன்னொரு இசைக்குழுவிலிருந்து ஒருவன் டயருக்குக் காற்றடிக்கக் கடைக்கு வந்தான். அவர்களுடைய டிரம்காரன் கையை உடைத்துக்கொண்டானாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடற்கரையில் ஒரு விருந்து. அவன் கேட்டு முடிக்கும் முன்பே சரி என்றேன். அதே மத்தியானம் காஜா பேராங்கில் எங்களுக்கு ஒரு கல்யாணம் இருந்தது எனக்குத் தெரியும். என்னைக் கழற்றிவிடுவதற்கு முன் நானே கழன்றுகொண்டால் நல்லது என்று இருந்தது. சனிக்கிழமை, காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன்.

திங்கட்கிழமை பாடகன் கடைக்கு வந்தான். கையில் கல்யாணச் சாப்பாடு, தூக்குப் பாத்திரத்தில்.

“காய்ச்சல் எப்படி இருக்கு?”

“தேவலாம்.”

“உஜோங் பாசிர் காத்து காய்ச்சலுக்கு நல்லதாமே.”

நான் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். அவன் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தான்.

“வாப்பா என்னை ஊருக்கு அனுப்புறாரு. நாகப்பட்டினம் பக்கத்துல பெரியப்பா கடை. அடுத்த வாரம் பினாங்குல கப்பல். ஒரு மாசமாத் தெரியும்.”

“என்கிட்ட மட்டும் ஏன் சொல்லல?”

“சொன்னா அந்த ஒரு மாசமும் நீ தூங்குவியா? கல்யாணம் முடியட்டும்னு அபாங்தான் சொன்னாரு.”

“அந்தச் சிவப்புப் பென்சில்?”

“அதையும் பாத்துட்டியா? அங்க போயி நான் நாலு பேரைச் சேத்தா, எங்க நிக்கணும்னு யாரைக் கேப்பேன்? உன்னைக் கேட்டா ஏன், எதுக்குன்னு துருவுவ. அதான் நீ அடிக்கிறப்ப கையப் பாத்துப் பாத்து எழுதினேன்.” தூக்கை என் பக்கம் நகர்த்தினான். “நேத்து அது உதவிச்சுடா. தம்பி பெட்டிய விட்டுட்டு டிரம்ல உக்காந்தான். நோட்டப் பாத்து அடிச்சான். ஒரு நிறுத்தம்கூடத் தப்பல.”

தூக்கைக் கழுவித் தரச் சொல்லிவிட்டுப் போனான். கழுவி வைத்தேன். வாங்க அவன் வரவில்லை, நானும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

அவன் கப்பல் ஏறிய பிறகு அபாங் பக்கத்துச் செமாபோக்கிலிருந்து வேறொரு பாடகனைப் பிடித்தார். டிரம்மில் தம்பியே தொடர்ந்தான். கேட்டிருந்தால் எழுந்து இடம் விட்டிருப்பானோ என்னவோ, நான் கேட்கவில்லை. ஒரு வருஷம் ஓடி அந்தக் குழு கலைந்தது. அந்த நோட்டு உண்மையிலேயே கப்பலில் கொண்டுபோகத்தான் எழுதப்பட்டதா என்று இன்றைக்கும் சில நாள் யோசிக்கிறேன். ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருக்கலாம். அதற்காக இல்லை என்று எழுதிவிட்டால் என்ன செய்வது?

அதன் பிறகும் கோப்பிக்கடையில் தனியாக உட்கார்ந்திருப்பேன். புதுப் பாட்டு வந்தால் கை தானாகத் தொடையில் தட்டும். எங்கே நிற்க வேண்டும், எங்கே மறுபடி எடுக்க வேண்டும் என்று எல்லாம் மனதில் வந்து சேரும். வரிகளை எழுதிக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இல்லை.