ஆறு அம்புகளுக்கு மெர்பாவ் முனை

அப்போது நான் மலாக்காவில் ஒரு கிளப்பில் பில்லியர்ட் மார்க்கர். மெம்பர்கள் ஆடும்போது புள்ளி எழுதுவது, மேசைத் துணிக்குப் பிரஷ் போடுவது, உடைந்த கோல்களை ஒட்டிக் கொடுப்பது, இதுதான் வேலை. கோல் ஒட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். வாயும் அதிகம், கோபமும் அதிகம். முதலில் கத்துவேன், யோசிப்பதெல்லாம் அப்புறம்தான்.

கிளப் திடலில் புல் வெட்டுகிறவன் என் சிநேகிதன். என்னைவிட நாலு வயது சின்னவன். காஜா பெராங்கில் கம்போங் செட்டியில் அவன் வீடு. நான் வாடகைக்கு இருந்தது இரண்டு தெரு தள்ளி. பல தலைமுறைக்கு முன்னால் வந்து குடியேறிய மலாக்கா செட்டிகள், அதனால் அவர்கள் வீட்டில் பேச்செல்லாம் மலாய்தான். 'அண்ணே', 'சாமி', 'சாப்பிட்டாச்சா', இந்த மூன்றோடு அவன் தமிழ் தீர்ந்துபோகும். அவன் மலாயில் சொன்னதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மெம்பர்கள் திடலில் அம்பு விடுவார்கள். பொறுக்கிக் கொடுப்பது அவன் வேலை. ஊருக்குத் திரும்பிய ஒரு துரைசானி தன் வில்லை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அம்பு யாரும் கொடுக்கவில்லை. இலக்கு தப்பிக் கல்சுவரில் மோதி முனை உடைந்ததைக் குப்பையில் வீசுவார்கள். அதில் ஏழு அம்பைச் சேர்த்து வைத்திருந்தான்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறு வருஷம், அம்பு விடும் போட்டிக்கு யார் வேண்டுமானாலும் பேர் கொடுக்கலாம் என்று கிளப் வாசலில் எழுதி ஒட்டினார்கள். ஆளுக்கு ஆறு அம்பு கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். அன்றைக்கே அந்த ஏழு அம்பையும் கட்டி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்துவிட்டான்.

"அண்ணே, பத்து வருஷமா மத்தவங்க விட்ட அம்பைப் பொறுக்கிக் குடுத்திருக்கேன். ஒரு தடவை நான் விடுறேன், வேற யாராவது பொறுக்கட்டும்."

"இது என்ன பெரிய வேலை, குடு இங்கே" என்றேன்.

பில்லியர்ட் கோலின் நுனி உடைந்தால் நுனியைச் சீவிவிட்டு, குறைந்த நீளத்தை அடிப்பக்கம் மெர்பாவ் என்ற கனமான சிவப்பு மரத்தில் சேர்ப்போம். கோலுக்குக் கனம் கைப்பக்கம் இருக்கவேண்டும். அதே கணக்கில் முதல் அம்புக்கும் வால்பக்கம் மெர்பாவ் சேர்த்து, இறகைத் திரும்ப ஒட்டி, நல்ல மினுமினுப்பாகத் தேய்த்துக் கொடுத்தேன். அவன் வீட்டுப் பின்னால் நின்ற வாழையைக் குறிபார்த்து விட்டான். அம்பு நண்டு மாதிரி பக்கவாட்டில் போய்க் கோழிக்கூண்டில் மோதி இரண்டாக உடைந்தது. அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு? நீயே ஒட்டிக்கோ!" என்று துண்டுகளைச் சாக்கடையில் வீசிவிட்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் அவனே நாசி லெமாக் தேங்காய்ச்சோற்றுப் பொட்டலத்தோடு வந்தான். "கோலை நீங்க பிடிச்சிக்கிட்டே இடிப்பீங்க அண்ணே. அம்பைக் கையை விட்டுடுறோமே. முன்னால கனம் இருந்தாத்தானே நேரா போகும்?" என்று மெதுவாகக் கேட்டான். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மிச்சம் ஆறு. இனி ஒன்றுகூடத் தப்பக்கூடாது. அம்பின் உடைந்த முனையை ஒரு சாண் நீளத்துக்கு ஆப்பு மாதிரி மெல்லியதாகச் சீவினேன். சதுரமான மெர்பாவ்க் குச்சியின் நடுவில் ரம்பத்தால் நேராகப் பிளவு போட்டு, வஜ்ஜிரப் பசை தடவி, ஆப்பை அதில் செருகினேன். மெர்பாவ் இரண்டு பக்கமும் லேசாக விரிந்து கொடுக்கும். அவசரப்பட்டால் படக்கென்று பிளந்துவிடும். நூலால் இறுக்கிக் கட்டி மூன்று நாள் விடவேண்டும். அந்த ஈரக்காற்றில் பசை காய்வதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும். காய்ந்த பிறகு இழைப்புளியால் மூலைகளை எடுத்து, உப்புத்தாளில் தேய்த்து உருட்டி, நுனியைக் கூராக்கினால், வெளுத்த மரத்துக்குள் சிவந்த மரம் இரண்டு நாக்காக இறங்கியிருக்கும். சும்மா சொல்லக்கூடாது, அழகு.

ஆறும் ஒரே எடை இருக்கவேண்டுமே. நகைக்கடைகள் இருக்கிற ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் ஒரு பத்தரிடம் போனோம். "தங்கம் கொண்டுவருவீங்கன்னு பார்த்தா கம்பைக் கொண்டுவந்திருக்கீங்களே" என்று கிண்டல் செய்துகொண்டே தராசை எடுத்தார். கனமானதைத் தேய்த்துத் தேய்த்துச் சமமாக்கினேன். ஆறும் வாழைத்தண்டில் ஒரு கையகலத்துக்குள் போய்க் குத்தின. அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

போட்டியன்று அவன் வெள்ளைச் சட்டை போட்டு வந்து, அம்புகளைப் புல்லில் வரிசையாக வைத்தான். கிளப்பில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு வக்கீல், நம்மவர்தான், குனிந்து பார்த்தார். அம்புகளின் வால்பக்கம் பழைய சொந்தக்காரர்கள் அடையாளத்துக்குப் போட்ட வண்ணக்கோடுகள் அப்படியே இருந்தன.

"இது என் அம்பாச்சே!" என்றார். "யாரு இதை..."

அவரை முடிக்கவிடவில்லை நான். ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. குப்பையில் போடும்போது வராத உரிமை இப்போது எங்கிருந்து வந்தது? அந்த அம்பை எடுத்து முழங்காலில் வைத்து ஒரே அழுத்து.

"முன்பாதி என்னுது, பின்பாதி உங்களுது. இந்தாங்க, எடுத்துக்குங்க!"

என் ஒட்டு அசையவில்லை. அதற்குப் பின்னால் பழைய மரம்தான் முறிந்தது. அந்த நேரத்திலும் எனக்கு அதில் ஒரு பெருமை வந்தது, வெட்கக்கேடு. வக்கீல் இரண்டடி பின்னால் போனார்.

"ஐயோ, யாரு இவ்வளவு நல்லா ஒட்டினதுன்னு கேக்க வந்தேன். என்னோடதும் நாலு உடைஞ்சு கிடக்குதுங்க."

அவன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். வக்கீல் பாவம், தன் அம்பில் ஒன்றை ஆறாவதாக அவனுக்குக் கொடுத்தார்.

ஐந்து அம்பும் நடுவட்டத்தைச் சுற்றியே குத்தின. கூட்டம் கைதட்டியது. வக்கீலின் அம்பில் மெர்பாவ் இல்லை, முன்னால் அந்தக் கனம் இல்லை. அது இலக்குப் பலகைக்கு மேலே பறந்துபோய்க் கல்சுவரில் மோதியது. இரண்டு புள்ளியில் முதல் பரிசு போயிற்று. நடுவட்டத்துக்குச் சற்று வெளியே குத்தியிருந்தாலும் போதும், பரிசு அவனுக்குத்தான்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு காஜா பெராங் வரைக்கும் சேர்ந்தே நடந்தோம். மன்னிச்சிக்கோ என்று மூன்று முறை சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் "பரவாயில்லை அண்ணே" என்றான். வீடு வந்ததும், "சாப்பிட்டுப் போங்க" என்று உள்ளே கூப்பிட்டான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் என் மனசு ஆறியிருக்கும். கடைசிவரை திட்டவே இல்லை, பாவி மனுஷன்.