பிளக்ஸில் ஏறிய பெரும் பாராட்டு

என் மகள் நெதர்லாந்தில் மண்ணியல் படித்து முடித்துத் தை மாதம் ஊருக்கு வந்தாள். சான்றிதழில் பட்டத்தின் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில் ‘கும் லாவ்தே’ என்று இருந்தது. இலத்தீன். பாராட்டுடன் தேறியவள் என்று பொருளாம். என் வீட்டுக்காரர் அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

அவருடைய அப்பா திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் பண்ணையாளாக இருந்தவர். இன்று இவருக்குச் சொந்த வயல், எனக்குப் பள்ளிக்கூட வேலை. இருந்தாலும் எங்கள் தெருவிலிருந்து கடல் தாண்டிப் போய்ப் படித்தவள் இவள் ஒருத்திதான். அதை ஊரே பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆசை என்ன ஆசை, வெறி! ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நன்றித் திருப்பலி, கோயில் வாசலில் பிளக்ஸ் என்று முடிவு செய்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து என் தம்பி வந்து சேர்ந்தான். கொஞ்ச காலம் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்தவன். ஆள் இங்கே வந்துவிட்டான், வாய் இன்னும் அங்கேயே இருக்கிறது.

“மாமா, வெறும் கும் லாவ்தேன்னு போட்டா நல்லாவா இருக்கும்? அமெரிக்காவுல அதுக்கு மேல இன்னும் ரெண்டு படி இருக்கு. அடுத்தது மாக்னா கும் லாவ்தே, பெரும் பாராட்டு. அதைப் போடுங்க. ஆக உச்சியில இருக்கிறதைப் போட்டா நாலு பேரு கேள்வி கேப்பான். நாம நடுவுல நிப்போம்.”

பொய்யிலும் அடக்கம் பார்க்கிற ஆள் என் தம்பி.

சனிக்கிழமை காலையில் பிளக்ஸ் நின்றுவிட்டது. என்னமோ டாக்டர், வக்கீல் என்று போடுவது மாதிரி, ‘மாக்னா கும் லாவ்தே’ அவள் பெயருக்கு முன்னால், பெயரைவிடப் பெரிதாக. பார்த்ததும் எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்திருந்த மகள் மட்டும், “வீட்டுக்குப் போம்மா” என்றாள்.

கொள்முதல் நிலையத்திலிருந்து நெல் தூசியோடு அப்போதுதான் வந்திருந்தார் அவர். நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

“அப்பா, அது நான் வாங்கினது இல்ல.”

“இங்க யாரும்மா இலத்தீன் படிச்சிருக்கா?”

“தெரியாதவங்கன்னா என்ன வேணா போடலாமா? மொதல்ல, அதைப் பேருக்கு முன்னால போடுறதே இல்லப்பா. பட்டத்துக்குப் பின்னால, சின்னதா. வேலைக்கு எழுதிப் போடுறப்ப போடுவோம். மத்தபடி யாரும் நெத்தியில ஒட்டிக்கிட்டுத் திரிய மாட்டாங்க.”

“எம் மக கீழ்ப்படியில நிக்கிறான்னு நானே ஊருக்குச் சொல்லணுமா?”

“அது கீழ்ப்படி இல்லப்பா! அது மாமா இருந்த நாட்டுக் கணக்கு. நான் படிச்ச எடத்துல இது ஒண்ணுதான் இருக்கு, இதுக்கு மேல கெடையாது. இதையே லேசுல குடுக்க மாட்டாங்க.”

அவர் காதில் ஏறவில்லை. அவளும் விடவில்லை.

“கொள்முதல் நிலையத்துல பொது ரகத்தை வெல கூடின சன்ன ரகம்னு ஏத்தினா சண்டைக்குப் போறீங்கல்ல?”

“எம் மக என்ன பொது ரகமா?”

“சன்ன ரகந்தாம்பா! அதுக்கே இல்லாத பேரைப் போட்டு வித்தா, நெசமா வாங்கினதையும் எவன் நம்புவான்? நாளைக்கு ஃபாதர் அதை வாசிச்சாருன்னா எந்திரிச்சு வெளியே போயிடுவேன்.”

இவள் சொன்னால் செய்கிறவள். அவளுக்காக வைக்கிற பூசையிலிருந்து அவளே எழுந்து போனால், அப்பாவும் மகளும் அப்புறம் முகம் கொடுத்துப் பேசுவார்களா? தம்பியைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்கலாமென்று தேடினேன். ஆள் எஸ்கேப்.

ஞாயிறு விடிந்ததுமே என் வீட்டுக்காரர் கோயிலுக்குக் கிளம்பிப் போய்விட்டார். பிளக்ஸைக் கழற்றத்தான் போகிறார் என்று நினைத்தேன். நாங்கள் போய்ப் பார்த்தால் அது அப்படியே நிற்கிறது! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மகள் பெண்கள் பக்கம் கடைசியில், கதவோரமாக உட்கார்ந்தாள்.

பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுத்து முடிந்தது. ஃபாதர் அறிவிப்புக்கு வந்தார். ரோமில் படித்தவர், இலத்தீனை அழகாக உச்சரிப்பார். “நம்ம பங்கோட மகள், மாக்னா கும் லாவ்தே…” என்று அவர் தொடங்கியதும் மகள் எழுந்துவிட்டாள்.

அதே நேரம் ஆண்கள் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரரும் எழுந்தார்.

“ஃபாதர், மன்னிக்கணும். அது தப்புங்க. நாந்தான் பெருசா இருக்கட்டும்னு போடச் சொன்னேன். எம் மக வாங்கினது வெறும் கும் லாவ்தேங்க.”

கோயிலே திரும்பிப் பார்த்தது. எங்கோ ஒருவர் சிரித்தார். இவர் வேட்டியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“வெறும் இல்லைங்க. அவ படிச்ச எடத்துல அதுக்கு மேல கெடையாது. எங்கப்பாவுக்குக் கூலி நெல்லை யாரும் சரியா அளந்து போட்டதில்ல ஃபாதர். எம் பொண்ணுக்கு நானாவது சரியா அளக்கணும்.”

சிரித்தவர் அடங்கிவிட்டார். கதவருகே நின்ற என் மகள் நடுப்பாதை வழியாக முன்னே நடந்து, அது ஆண்கள் பக்கம் என்றுகூடப் பார்க்காமல், அப்பாவின் கையைப் பிடித்து உட்கார வைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.