இராஜேஸ்வரி கேட்க நினைத்தது

சிட்னி பென்டில்ஹில்லில் இருந்து புறப்படும்போதே இராஜேஸ்வரியின் நெஞ்சுக்குள் ஒரு கேள்வி கிடந்தது. பன்னிரண்டு வருசமாகக் கிடக்கிற கேள்வி. அதைப் புருஷன் விக்னராஜாவிடம் பாரிசில் வைத்துக் கேட்டே தீருவதென்று முடிவு கட்டியிருந்தாள்.

சிட்னிக்கு வந்த புதிதில் மகன் சுபாங்கனைப் பார்க்க ஆளில்லை. அதனால் அவள் பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் உதவிக்குக் காலை வேலை எடுத்தாள். அவர் தபால் பிரிக்கிற இடத்தில் நைட் ஷிஃப்ட் எடுத்தார். அவர் வர அவள் போவாள். அவள் வர அவர் படுப்பார். இடையில் வாசலில் நின்றபடி, "பால் குடிச்சிட்டான், காய்ச்சல் விட்டிட்டுது" என்று இரண்டு வார்த்தை. குடும்பம் நடத்திய லட்சணம் அவ்வளவுதான். இங்கே முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நடத்தினார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிள்ளை வளர்ந்து, படித்து, வேலை கிடைத்து மெல்பேணுக்குப் போய்ப் பன்னிரண்டு வருசம். அதற்குப் பிறகாவது மனுசன் பகல் வேலைக்கு மாறியிருக்கலாமே! கேட்டால் கொடுத்திருப்பார்கள். அவர் கேட்கவேயில்லை. போன தை மாதம் ஓய்வு எடுக்கும்வரைக்கும் இரவிலேயே போய் வந்தார். ஏன்? தன்னோடு வீட்டில் இருக்கப் பிடிக்காமலா? இதுதான் அவளை அரித்துத் தின்ற கேள்வி. ஆரிடம் போய்ச் சொல்வது? கோயிலில் சந்திக்கிற பெண்களிடம் சொன்னால் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

அப்பா ஓய்வு எடுத்ததற்காக சுபாங்கன் பாரிசுக்கு ஐந்து நாள் டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். "நோ ரிலேட்டிவ்ஸ், அம்மா. யூ டூ ஜஸ்ட் ரிலாக்ஸ்" என்று கண்டிப்பாகவும் சொல்லிவிட்டான். அவளுக்கு அது கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது.

இடைவழியில் விமானம் மாற வேண்டிய இடத்தில் மணற்காற்று. பத்தொன்பது மணித்தியாலம் தாமதம் என்றார்கள். சுற்றிவர எல்லாரும் முணுமுணுக்க, இராஜேஸ்வரிக்கு உள்ளுக்குள் சந்தோசம். பக்கத்துப் பக்கத்துக் கதிரை, எங்கேயும் ஓட முடியாது, கேட்டுவிடலாம். ஆனால் மனுசன் இருந்தால்தானே! ஐந்து நிமிசத்துக்கு ஒருமுறை எழும்பிப்போய் அறிவிப்புப் பலகையைப் பார்த்தார். தண்ணீர் வாங்கப் போனார். வாங்கின தண்ணீரைக் குடிக்காமல் இன்னொன்று வாங்கப் போனார்.

"இஞ்சேருங்கோ, கொஞ்சம் இருங்கோவன். உங்களோட ஒண்டு கதைக்க வேணும்."

"இரும், வாறன். ஆரோ கூப்பிடுற மாதிரிக் கிடக்குது" என்றுவிட்டு நழுவினார். ஒருவரும் கூப்பிடவில்லை. போனவர் பாரிசில் இருக்கிற தன் பெரியப்பா மகள் நாகலட்சுமிக்கு ஃபோன் எடுத்துத் தாங்கள் வருவதைச் சொல்லிவிட்டார். இராஜேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்து நாளில் ஒரு நாள் மணலோடு போயிற்று, மிச்சம் சொந்தக்காரரோடு போகப்போகிறது.

போகத்தான் செய்தது. பாரிஸ் விமான நிலையத்தில் நாகலட்சுமி குடும்பத்தோடு வந்து நின்றாள். அக்காவும் தம்பியும் முப்பத்துமூன்று வருசத்துக்குப் பிறகு கண்டு, கட்டிப்பிடித்து, சனம் பார்க்க அழுதார்கள். அழுகையைப் பார்த்து இராஜேஸ்வரிக்கும் கண் கலங்கிப்போயிற்று, அதை மறைக்கவில்லை. பிறகு தொடங்கியது விருந்து. காலையில் ஒரு வீடு, மத்தியானம் ஒரு வீடு. போகாவிட்டால் கோவிப்பினமாம். ஊருக்கு நடுவே ஓடுகிற நதியை அவள் காரின் கண்ணாடிக்குள்ளால் இரண்டு தரம் கண்டாள்.

அதுகூடப் பரவாயில்லை. நாகலட்சுமியின் வரவேற்பறையில் மனுசன் கதைத்த கதைதான் அவளைச் சுட்டது. பள்ளிக்கூடம், சைக்கிள், தபால் பிரிக்கிற இடத்தில் ஒருநாள் பெட்டிக்குள் உயிரோடு வந்த ஆமை. எல்லாரும் வயிறு நோகச் சிரித்தார்கள். ஆமைக் கதை இராஜேஸ்வரிக்கே தெரியாது. இந்த மனுசனுக்குள் இவ்வளவு கதை இருந்ததா? அப்போ தன்னிடம் சொல்ல மட்டும்தான் ஒன்றும் இல்லையா?

கடைசி நாள் காலை நாகலட்சுமி ஃபோன் எடுத்தாள். இராஜேஸ்வரியே வாங்கிப் பேசினாள்.

"மச்சாள், குறை நினைக்காதேங்கோ. இண்டைக்கு நாங்கள் ரெண்டு பேரும் வெளியில போறம். பின்னேரம் பிளேனுக்குத்தான் இனி."

நதிக்கரையில் ஒரு கோப்பிக் கடை. வெளியே சின்ன மேசை. விக்னராஜா கால் மேல் கால் போட்டார், இறக்கினார், மணிக்கூட்டைப் பார்த்தார், ஃபோனைப் பார்த்தார். கோப்பி வந்தது. பழக்கதோசத்தில் அவள் அவருடைய கோப்பைக்குள் இரண்டு சீனி போடப் போனாள். அவர் கோப்பையைக் கையால் மூடினார்.

"நான் சீனி விட்டு எட்டு வருசம்."

"அப்ப நான் உங்களுக்கு வேலைக்கு ஃபிளாஸ்க்கில ஊத்தி வைச்ச தேத்தண்ணி?"

"அதை வெளியில ஊத்திப்போட்டு வேற போட்டுக் குடிச்சனான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"எப்ப சொல்லுறது?"

எகத்தாளமில்லை, உண்மையாகத்தான் கேட்டார். இராஜேஸ்வரிக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"சுபாங்கன் போன பிறகும் ஏன் நைட்டை விடேல்லை நீங்கள்?"

"பழகிப்போச்சு."

"அது காரணமில்லை."

எழும்பி ஓட இடம் தேடுகிறவர் மாதிரி அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"பிள்ளையைப் பற்றித்தானே நாங்கள் கதைச்சனாங்கள். அவன் போனாப் பிறகு பகலில வீட்டில நிண்டா உம்மோட என்ன கதைக்கிறதெண்டு தெரியேல்லை. பயமாக் கிடந்தது."

பன்னிரண்டு வருசக் கோபம் அவளுக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. பெண்சாதியோடு கதைக்கப் பயமாம்! நன்றாக நாலு கேட்க வாயைத் திறந்தவளுக்கு, அவர் லீவு எடுத்த கிழமைகளில் எல்லாம் தான் சூப்பர்வைசரிடம் போய் ஓவர்டைம் கேட்டு வாங்கினது ஞாபகம் வந்தது. வீட்டில் அவர் பகல் முழுக்க நடமாடினால் அவளுக்கு மூச்சு முட்டும். அதை இன்றுவரைக்கும் அவள் தனக்குத்தானே ஒத்துக்கொண்டதில்லை.

"நானும்தான்," என்றாள். "உங்கட லீவு நாளுகளில ஆஸ்பத்திரியில என்னைக் கூப்பிடேல்லை. நானாத்தான் கேட்டு வேலைக்குப் போனனான்."

விக்னராஜா நிமிர்ந்து பார்த்தார். அவளுக்கு வெட்கமாக இருந்தது; ஆனாலும் முகத்தைத் திருப்பவில்லை. அவருடைய ஃபோன் இரண்டு தரம் அடித்து ஓய்ந்தது. அவர் சீனிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, கரண்டியை எடுத்தார்.

"உமக்கு எத்தினை?" என்று கேட்டார்.